திருச்சி–பலாலி: தொலைவும் பறக்கும் நேரமும்

தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம் என்பதால், காவிரிப் படுகை மக்கள் விமானம் ஏறுவதற்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் மேற்கே திருச்சிக்குச் செல்கின்றனர். அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு 2025 மார்ச் 30 அன்று நேரடிச் சேவை தொடங்கியது.

இரு நிலையங்களுக்கும் இடையிலான பெருவட்டத் தொலைவு, அதாவது பூமியின் வளைவையொட்டி அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு, சுமார் 185 கிலோமீட்டர். இத்தடத்துக்குரிய ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தை எட்டவல்லது என்பதால், கணக்குப்படி 22 நிமிடமே போதும். ஆயினும் கால அட்டவணை ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒதுக்குகிறது.

நின்ற விமானம் உருளாதிருக்கச் சக்கரங்களின் முன்னும் பின்னும் வைத்த கட்டைகளை உருவும் கணம் முதல், மறுமுனையில் அவற்றை மீண்டும் செருகும் கணம் வரையிலான முழுப்பொழுதும் அட்டவணையில் அடங்குவதே இதற்குக் காரணம். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்துள்ளது; விமானம் எதிர்காற்றில் எழுவதே பாதுகாப்பு என்பதால், வயல்களில் குறுவை நிற்கும் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், அது பெரும்பாலும் மேற்கே எழும்பி, வளைந்து திரும்பியே கிழக்கு நோக்கிச் செல்ல நேர்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. குறுந்தடத்தில் முழுவேகப் பறப்புக்குக் கிடைப்பதோ சில நிமிடங்களே. பட்டுக்கோட்டை வட்டாரத் தென்னந்தோப்புகளைத் தாண்டிப் பாக் நீரிணைக்கு மேல் வந்ததுமே இறக்கம் நெருங்கிவிடுகிறது.

இருப்பினும் இச்சேவையின் பயன் பெரிது: திருச்சியிலிருந்து சென்னை வழியாகப் பறந்து பலாலி சேர்வோர் கடக்கும் வான்தொலைவு, நேர்வழியைப்போல் மும்மடங்குக்கும் மேலாகும்.