வயிறு அளப்பது எதை?

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முதலிடம் பெறுவது உணவே. அந்த உணவைப் பற்றி இன்று கற்றோரும் மற்றோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு. எதைத் தின்றால் உடம்பு இளைக்கும்? எதைத் தின்றால் உடம்பு தேறும்? இவ்விரண்டுக்கும் ஆளுக்கொரு விடை கூறுகின்றனர். அரிசியை விடு என்பார் ஒருவர். சிறுதானியமே போதும் என்பார் மற்றொருவர். வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இவ்விரு கேள்விகளுக்கும் பொதுவாக உதவக்கூடிய ஓர் எளிய கணக்கை, நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலும் கல்வராயன் மலையிலும் விளையும் பொருள்களைக் கொண்டே விளக்க முற்படுகின்றேன்.

கலோரியும் செறிவும்

உணவிலிருந்து உடல் பெறும் ஆற்றலைக் கலோரியால் அளக்கின்றோம். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு செல்சியஸ் பாகை உயர்த்தத் தேவைப்படும் ஆற்றலே உணவு நூல்கள் கூறும் ஒரு கலோரி. மாவுப்பொருள் ஒரு கிராமுக்கு 4 கலோரியும், புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரியும் தருகின்றன. நாம் செரிக்க முடியாத நார்ப்பொருள் மிகக் குறைவாகவே தருகின்றது. நீர் தருவதோ சுழி.

ஓர் உணவின் 100 கிராமில் எத்தனை கலோரி அடங்கியுள்ளதோ அதுவே அதன் கலோரிச் செறிவு. நீரும் நாரும் மிகுந்தால் செறிவு குறையும். எண்ணெய் மிகுந்தால் செறிவு ஏறும். இவ்வளவுதான் அடிப்படை. எஞ்சியதெல்லாம் இதன் விரிவே.

ஒரு கிழங்கு, மூன்று கணக்கு

நம் பகுதியில் மரவள்ளியை அறியாதார் இலர். குச்சிக்கிழங்கு என்றும் சொல்வோம். இந்தக் கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு நீர். தோல் சீவி, நன்கு வேகவைத்து, நீரை வடித்துத் தின்றால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 160 கலோரி. (வேகவைப்பதும் வடிப்பதும் வெறும் பழக்கம் அன்று, பச்சைக் கிழங்கில் சயனைடு நஞ்சைத் தரும் பொருள் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.)

இதே கிழங்கு சேகோ ஆலைக்குச் சென்று, மாவாகி, உருண்டு, காய்ந்து ஜவ்வரிசியாக வெளிவருகின்றது. இத்தொழிலுக்கெனச் சேலத்தில் 1981ஆம் ஆண்டு சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமே தோன்றிற்று. நீர் நீங்கிய ஜவ்வரிசியின் செறிவு 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. மூன்றாவதாக, அதே கிழங்கை மெல்லியதாகச் சீவி எண்ணெயில் பொரித்தால் சிப்ஸ். பொரிக்கும்போது நீர் ஆவியாக வெளியேறுகின்றது. அதன் இடத்தில் எண்ணெய் புகுகின்றது. செறிவு ஏறத்தாழ 500 ஆகிவிடுகின்றது.

கிழங்கு ஒன்றே, கணக்கு மூன்று. 200 கிராம் அவித்த கிழங்கைத் தின்று முடித்தவன் மேலும் கேட்க மாட்டான். அதன் கலோரி 320. அதே 320 கலோரியைத் தரும் சிப்ஸ் 65 கிராமுக்குள் அடங்கிவிடும். வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்து, வண்டி மலையேறத் தொடங்குமுன் முடித்துவிடக்கூடிய பொட்டலம் அது. மலையிலிருந்து லாரியில் மூட்டையாக இறங்கும் கிழங்கு, பேருந்தில் பொட்டலமாகத் திரும்ப மலையேறுகின்றது. இடையில் மாறியவை விலையும் செறிவும்.

வயிறு அனுப்பும் செய்தி

‘போதும்’ என்ற உணர்வு எங்ஙனம் எழுகின்றது? இரைப்பையின் சுவர் விரியும்போது அங்குள்ள நரம்பு முனைகள் அச்செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. கலோரியை எண்ணும் கருவி எதுவும் இரைப்பையில் இல்லை. அது முதலில் உணர்வது பருமனை. பின்னர் உணவு சிறுகுடலை அடைந்ததும், புரதமும் கொழுப்பும் அங்கே கோலிசிஸ்டோகைனின் போன்ற சுரப்புகளைத் தூண்டுகின்றன. அவையும் ‘போதும்’ என்கின்றன. ஆனால் இச்செய்தி சிறிது காலம் தாழ்த்தே வரும். விரைந்து உண்பவன் செய்தி வருமுன்பே மிகுதியாக உண்டு முடித்துவிடுகிறான்.

1995ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பாரும் உடனாய்வோரும் 38 உணவுகளைச் சோதித்தனர். ஒவ்வொன்றிலும் 240 கலோரி தரும் அளவை மட்டும் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை வயிறு எவ்வளவு நிறைந்திருக்கின்றது என்று கேட்டுக் குறித்தனர். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று மதிப்பெண் வைத்ததில், அவித்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடம் பிடித்தது. மீன் 225, ஆரஞ்சு 202, முட்டை 150, வெள்ளரிசிச் சோறு 138. கேக் பெற்றது 65 மட்டுமே. கலோரி ஒன்றாக இருந்தும் நிறைவு ஒன்றாக இல்லை. நீர், நார், புரதம் மிகுந்தவை முன்நின்றன. கொழுப்பு மிகுந்தவை பின்தங்கின.

கூழின் சிறப்பு

அமெரிக்கப் பேராசிரியை பார்பரா ரோல்ஸ் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்று நமக்கு மிகவும் நெருக்கமானது. ஒரே பொருள்களைக் கொண்டு சமைத்த உணவைப் பெண்களுக்கு மதிய உணவின் முன் மூன்று வகையாகத் தந்தனர். ஒரு நாள் உணவு மட்டும். ஒரு நாள் அதனுடன் ஒரு குவளை நீர். ஒரு நாள் அதே நீரை உணவிலேயே சேர்த்துக் காய்ச்சிய சூப். சூப் உண்ட நாளில் அடுத்து வந்த மதிய உணவில் ஏறத்தாழ 100 கலோரி குறைவாக உண்டனர். தனியே குடித்த நீரால் அப்பயன் விளையவில்லை.

நம் வீட்டுக் கூழ்ப்பானையில் நடப்பதும் இதுவே அன்றோ? 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 330 கலோரி உண்டு. களியாகக் கிண்டினால் ஏறத்தாழ 350 கிராம் எடை. செறிவு 95 அளவில் நிற்கும். கூழாகக் கரைத்து 800 கிராம் ஆக்கினால் செறிவு 41. மாவோடு கலந்து கெட்டிப்பட்ட நீர் வயிற்றைவிட்டு மெல்லவே அகலும்.

செறிவை மட்டும் பார்த்தால் ஏமாறும் இடமும் உண்டு. கரும்புச் சாற்றின் செறிவு 100 கிராமுக்கு 40 கலோரிதான்; கூழை ஒத்தது. ஆயினும் ஒரு குவளைச் சாறு வயிற்றில் தங்குவதில்லை. நாரெல்லாம் சக்கையாக ஆலையடியிலேயே நின்றுவிடுகின்றது. ஆதலால் செறிவு, நிறைவு என்னும் இரண்டையும் சேர்த்தே எண்ணவேண்டும். அச்சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கினாலோ 100 கிராமுக்கு 383 கலோரி.

சாமையைப் பற்றி ஒரு தெளிவு

கல்வராயன் மலையின் சாமைக்கும் தினைக்கும் இன்று நகரங்களில் நல்ல மதிப்பு. சாமையில் கலோரி இல்லை என்று எண்ணி இருமடங்கு உண்பாரையும் கண்டுள்ளேன். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 1971ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் அரிசி 345 கலோரி, சாமை 341 கலோரி. வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். சாமையின் சிறப்பு வேறு: தீட்டாத சாமையில் நார் மிகுதி. அதனால் சிறிதளவே நிறைவு தரும். தவிடு போகத் தீட்டிப் பளபளப்பாக்கி விற்கும் சாமையில் அச்சிறப்பும் குறைந்துவிடும்.

ஒரே பானை, இரு தேவைகள்

இக்கணக்கு இளைக்க விரும்புவோர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணற்க. என் வீட்டிலேயே இரு பக்கமும் உண்டு. கரும்பு வெட்டிய காலத்தில் என் தந்தை எவ்வளவு உண்டாலும் உடல் ஏறவில்லை. இன்று கடையில் அமர்ந்திருக்கிறார். சர்க்கரை நோயும் வந்துவிட்டது. எடையைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். அதே வீட்டில் என் அக்காளின் ஒரு வயதுக் குழந்தைக்கு எடை ஏறவில்லை. இருவர்க்கும் ஒரே கூழ் பொருந்துமா?

குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும். 8 கிலோ குழந்தைக்கு 240 மில்லிலிட்டர். 40 கலோரிச் செறிவுள்ள நீர்த்த கஞ்சியால் அதை நிரப்பினால் கிடைப்பது 96 கலோரிதான். குழந்தை வயிறு நிறைந்து உறங்கும், தாயும் மகிழ்வாள், உடல் மட்டும் தேறாது. கஞ்சியைக் கெட்டியாக்கி, வறுத்து நன்றாகப் பொடித்த மல்லாட்டையும் ஒரு சிறு கரண்டி எண்ணெயும் மசித்த முருங்கைக்கீரையும் சேர்த்தால் அதே வயிற்றளவில் இருமடங்குக்கு மேல் ஆற்றல் புகும். கீரையிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடலில் சேர்வதற்கும் அந்த எண்ணெய் வேண்டும். எனவே செறிவு மிகுந்த உணவு தீயது என்பதன்று. யாருக்கு, எவ்வளவு என்பதே வினா.

நடைமுறைக்கு

உணவுகளை நான்கு வரிசையாக மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். எண்கள் 100 கிராமுக்கு உரியவை.

60 கலோரிக்குக் கீழ்: பூசணி, கத்தரி, வெண்டை, ரசம், நீர்மோர், கூழ், கொய்யா.
60 முதல் 150 வரை: சோறு, களி, இட்லி, அவித்த பாசிப்பயறு, பலாச்சுளை, வாழைப்பழம்.
150 முதல் 400 வரை: அவித்த மரவள்ளி, முட்டை, சப்பாத்தி, பரோட்டா, வெல்லம்.
400க்கு மேல்: சிப்ஸ், முறுக்கு, பிஸ்கட், மல்லாட்டை (567), எண்ணெய் (900).

எடை குறையவேண்டியவர் முதலிரு வரிசைகளால் தட்டை நிரப்பி, மூன்றாவதை அளந்து, நான்காவதைக் கைப்பிடிக்குள் நிறுத்துக. சோற்றை அடியோடு விட வேண்டுவதில்லை; ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அவ்விடத்தில் இரு கரண்டி பொரியலும் ஒரு கரண்டி பயறும் வைத்தால் வயிறு குறை சொல்லாது. பொரியலில் எண்ணெய் மிகுந்தால் கணக்குப் பிழைக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரிக்கு மேல் உண்டு. எடை ஏறவேண்டியவரோ அதே தட்டில் கைப்பிடி மல்லாட்டையும் முட்டையும் கூட்டுக. கடையில் வாங்கும் பொட்டலத்தில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று அச்சிட்டிருப்பதைப் பிரிக்குமுன் படிக்கும் பழக்கம் மாணவர்களாகிய நமக்கு வேண்டும்.

அயல்நாட்டுப் பழத்தையும் விலையுயர்ந்த மாவுப்பொடியையும் தேடி நாம் எங்கும் செல்ல வேண்டுவதில்லை. கூழும் களியும், அவித்த கிழங்கும் பயறும், முருங்கையும் மல்லாட்டையும் நம் மலையிலும் வயலிலும் உள்ளன. எது யாருக்கு எவ்வளவு என்று அறிந்து பரிமாறும் அறிவு ஒன்றே வேண்டுவது. கல்லூரியில் கற்ற கணக்கை நம் வீட்டு அடுப்படிவரை கொண்டுசெல்வோமாக.