புதிதாய் முளைக்கும் இணையத்தளங்கள்: ஏமாறாதிருக்கும் வழிகள்

தோட்ட மக்களுள் பலர் இன்று சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும் அரசாங்க உதவிக்கு மனுச் செய்வதும் கைப்பேசி வழியாகவே. இவ்வசதி வரவேற்கத்தக்கது. ஆயினும், அதே வழியில் மோசடிக்காரர்களும் நம் வீட்டினுள் நுழைகின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு சான்று காண்போம். 2024ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் முதல், 55 வயதுக்குட்பட்ட ஊழியர் சேமநிதி உறுப்பினர்களின் சேமிப்பு மூன்று கணக்குகளாக வகுக்கப்பட்டது. மூன்றாம் கணக்கிலிருந்து 50 வெள்ளி முதல் எடுக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆகவே, “பணத்தை உடனே எடுத்துத் தருகிறோம், இந்த இணைப்பை அழுத்திப் பதிவுக் கட்டணம் செலுத்துங்கள்” என்று செய்தி வருமாயின், அது மோசடியே.

இத்தகைய தளங்கள் பெரும்பாலும் புதியனவாக இருப்பது ஏன்? ஓர் இணைய முகவரியைச் சிறு தொகைக்குச் சில நிமிடங்களில் பதிவு செய்துவிடலாம். அசல் தளத்தின் சின்னத்தையும் நிறத்தையும் அப்படியே படியெடுக்கலாம். புகார் எழுந்து தளம் முடக்கப்பட்டால், வேறு பெயரில் மற்றொன்று முளைக்கும். சம்பள நாளன்று லயத்துக்கு வந்து, மறுமாதம் முகங்காட்டாத வியாபாரியைப் போன்றவை இவை.

இனி, நாம் கவனிக்க வேண்டியவை:

முதலாவது, முகவரியின் முடிவைப் பாருங்கள். மலேசிய அரசாங்கத் தளங்களின் பெயர் ‘ஜி, ஓ, வி, புள்ளி, எம், ஒய்’ என்று முடியும். அவ்வெழுத்துகள் பெயரின் நடுவில் மட்டும் இருந்து, முடிவு வேறாக இருப்பின் ஐயுறுக.

இரண்டாவது, தளத்தின் வயதை அறிக. முகவரி பதிவான தேதியை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள். சென்ற வாரம் பதிவான தளம் ‘பல்லாண்டு அனுபவம்’ பேசினால் நம்பற்க. புதியவை யாவும் பொய்யல்ல. எனினும், புதியதிடம் பணம் கொடுக்குமுன் விசாரித்தல் வேண்டும்.

மூன்றாவது, பூட்டுச் சின்னத்தைக் கண்டு மயங்காதீர். நாம் அனுப்பும் விவரத்தை வழியில் பிறர் படிக்க இயலாது என்பதே அதன் பொருள். தளத்துக்கு உரியவர் நாணயமானவர் என்பதன்று.

நான்காவது, இணைப்பின் வழி வரும் செயலியைக் கைப்பேசியில் ஏற்றாதீர். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை அது திருடக்கூடும்.

ஐந்தாவது, பணம் அனுப்புமுன், பெறுபவரின் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதியுங்கள். அங்கே புகார் இல்லை என்பதால் மட்டும் அவர் நல்லவராகிவிடார்.

பணம் பறிபோய்விட்டால், அக்கணமே 997 என்னும் எண்ணை அழையுங்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. பின்னர்க் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். திருடிய பணம் கணக்குவிட்டுக் கணக்கு விரைந்து மாறுவதால், தாமதம் மோசடிக்காரனுக்கே துணை. வெட்கப்பட்டு மறைத்தல் வேண்டா. வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவனே. நீங்கள் வாய்திறந்து சொல்வது, அடுத்த வீட்டாரின் சேமிப்பையும் காக்கும்.