பெட்டியில் விழும் கட்டைகள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் துணி வீணாகாமல் பாடி, கை, பட்டி என்று இடைவெளி விடாமல் அடுக்குவாரே, அதே வித்தைதான் 'டெட்ரிஸ்' ஆட்டம். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பொருத்த வேண்டும். மாஸ்கோவில் 1984-ல் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. 1989-ல் 'கேம்பாய்' என்ற கையடக்கப் பெட்டியில் ஏறி உலகம் சுற்றியது. அந்தப் பழைய பெட்டிக்கென்றே இதே மாதிரி ஆட்டங்களை இன்றும் சிலர் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதீர்கள்!

இதில் நமக்கும் ஒரு சங்கதி உண்டு. சுவிட்சர்லாந்தில் லொசான் நகர ஆஸ்பத்திரியில், அவசர சிசேரியன் ஆன தாய்மார்கள் சிலரை ஆறு மணி நேரத்துக்குள் கால் மணி நேரம் டெட்ரிஸ் ஆடச் சொன்னார்கள். அடுத்த ஒரு வாரத்தில், அந்தப் பிரசவக் காட்சிகள் திரும்பத் திரும்பக் கண்முன் வந்து மிரட்டுவது அவர்களுக்குக் குறைந்திருந்தது. 2017-ல் வெளியான, 56 பேரை வைத்துச் செய்த சின்ன ஆராய்ச்சிதான். மிரட்சி மாதக்கணக்கில் நீடித்தால் ஆட்டம் போதாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.