பூட்டில்லாத தோட்டம்

பள்ளித் தோட்டம் போட்ட ஆசிரியர்களுக்கு மே மாதம் ஒரு சோதனைக் காலம். ஜூனில் விதைப்போம். ஆகஸ்டில் வெண்டையும் கத்தரியும் பறித்துச் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுப்போம். படமும் எடுத்து வைப்போம். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் காய்ந்த குச்சிகள்தான் நிற்கும். பேரூராட்சி ஒன்றில் உள்ள நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு அடுத்தடுத்து 2 ஆண்டுகள் இப்படித்தான் ஆயிற்று. மூன்றாம் ஆண்டு விதைப் பொட்டலத்தை எடுத்தபோது, "இதுவும் காயத்தானே போகுது டீச்சர்?" என்றாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. செடிகள் காய்ந்ததைவிட அந்தக் கேள்விதான் என்னை உறுத்தியது.

அப்போதுதான் பெர்மாகல்ச்சர் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் ஆகிய இருவரும் 1970களில் உருவாக்கிய வடிவமைப்பு முறை இது. இது குறித்த அவர்களது முதல் நூல் 1978இல் வெளிவந்தது. ரசாயன உரம் போடாமல் பயிர் செய்வதுதான் இது என்று நினைத்திருந்தேன். உண்மையில், எதை எங்கே வைத்தால் ஒன்றுக்கொன்று துணையாகும் என்று திட்டமிடுவதே இதன் மையம். மண்ணைப் பேணுதல், மனிதரைப் பேணுதல், மிகுந்ததைப் பகிர்தல் என 3 அறங்களை இது அடிப்படையாகக் கொண்டது.

முதலில் கவனி

ஹோம்கிரன் பின்னாளில் வகுத்த 12 கொள்கைகளில் முதலாவது, நிலத்தைக் கவனித்துப் பழகுதல். ஆகவே அந்த ஜூனில் நாங்கள் எதையும் நடவில்லை. மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து ஒரு மாதம் பள்ளி வளாகத்தைக் கவனித்தார்கள். நிழல் எங்கே விழுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று வரைபடம் வரைந்தார்கள். மதிய உணவு வேளையில் கைகழுவும் குழாயடியில் வாளி வைத்து அளந்தார்கள். ஒரே வேளையில் ஏறக்குறைய 8 குடம் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது!

வரைபடம் எங்கள் தவற்றையும் காட்டியது. பழைய தோட்டம் கட்டடத்தின் பின்புறம், வேலி போட்டுப் பூட்டிய மூலையில் இருந்தது. அந்தப் பக்கம் யாரும் நடப்பதே இல்லை. பெர்மாகல்ச்சரில் 'மண்டலம்' என்றொரு கருத்து உண்டு. அடிக்கடி கவனிக்க வேண்டியதை மனிதர் அடிக்கடி நடக்கும் வழியில் வை. தானே வளர்வதைத் தொலைவில் வை என்பது அது. நாங்கள் அதற்கு நேர்மாறாகச் செய்திருந்தோம்.

இடத்தை மாற்றினோம். கைகழுவும் நீர் வழிந்த இடத்தில் வாழையும் கல்வாழையும் வைத்தோம். சோப்பு கலந்த நீர் என்பதால் கீரைக்கு அதை விடவில்லை. கீரைப் பாத்தி சமையல் கூடத்து வாசலுக்கு வந்தது. அரிசி களைந்த நீரைச் சமையலர் அக்காவே அதில் ஊற்றினார். கூட்டிக் கொளுத்திய வேப்பிலையும் புங்க இலையும் பாத்திகளுக்கு மூடாக்கு ஆயின.

பறிக்க வருபவர் நீரும் ஊற்றுவார்

ஆனாலும் மே மாதக் கேள்வி தீரவில்லை. அதற்கு விடை தேடியபோது இங்கிலாந்தின் டாட்மோர்டன் கண்ணில் பட்டது. சுமார் 15,000 பேர் வாழும் சிறுநகரம் அது. 2008இல் பாம் வார்ஹர்ஸ்ட், மேரி கிளியர் முதலானோர் அங்கே பொது இடங்களில் உணவுப் பயிர்களை நடத் தொடங்கினார்கள். காவல் நிலையத்தின் முன்னும், ரயில் நிலையத்திலும், கால்வாய்க் கரையிலும் காய்களும் மூலிகைகளும் வளர்ந்தன. சுகாதார நிலையத்தைச் சுற்றியிருந்த முட்செடிகள் போய்ப் பழச்செடிகள் வந்தன. யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்பதுதான் அங்கே விதி. பகிர்தல் என்ற மூன்றாம் அறத்தை ஒரு ஊர் அளவில் அங்கே பார்த்தேன்.

நாங்களும் பள்ளி வாசலை ஒட்டிக் கறிவேப்பிலை, முருங்கை, பப்பாளி, கத்தரி வைத்தோம். வேலியும் இல்லை, பூட்டும் இல்லை. "வேண்டியதைப் பறியுங்கள்; முடிந்தால் ஒரு குடம் நீர் ஊற்றுங்கள்" என்று மாணவர்கள் பலகை எழுதினார்கள். பல வாரங்கள் யாரும் தொடவில்லை. பிறகு ஓர் இரவில் பிஞ்சு உட்பட எல்லாக் கத்தரியும் காணாமல் போயின. பிள்ளைகள் கொதித்துப் போனார்கள். மறுபடியும் வேலி போடலாமா என்று வகுப்பில் விவாதித்தோம். "பறிக்கலாம்னு நாமதானே எழுதினோம்?" என்றான் ஒருவன். பலகையில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: "பிஞ்சை விட்டுவிடுங்கள்."

அந்தக் கோடையில் பப்பாளி சாய்ந்தது, கத்தரி பட்டுப்போனது. ஆனால் கறிவேப்பிலையும் முருங்கையும் தழைத்து நின்றன. எதிர்த் தெருப் பெண்கள் குழம்புக்குக் கறிவேப்பிலை கிள்ள வந்தபோதெல்லாம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். தங்களுக்கு அதில் பங்கு உண்டு என்பதால் அது அவர்களுடைய செடியும் ஆகிவிட்டது. ஊரோடு சேர்ந்த தோட்டம் என்றால் என்ன என்பதை அவர்களிடம்தான் கற்றேன்.

தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

• முதல் மாதம் நடாதீர்கள். மாணவர்களைக் கவனிக்கவும் அளக்கவும் வரையவும் விடுங்கள். கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் அதிலேயே வந்துவிடும்.

• வீணாகும் நீர், சருகு, காய்கறிக் கழிவு ஆகியவற்றுக்கு முதலில் இடம் குறியுங்கள், செடிக்கு அடுத்து.

• ஒரு பருவத்துக் காய்கறிகளோடு, ஆண்டுக் கணக்கில் நிற்கும் முருங்கை, கறிவேப்பிலை போன்றவற்றையும் கட்டாயம் வையுங்கள்.

• பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, விடுமுறையில் யார் பறிப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். யார் நீர் ஊற்றுவார்கள் என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைக்கும்.

இந்த ஆண்டும் ஜூனில் விதைப் பொட்டலத்தை எடுத்தேன். காய்ந்துவிடுமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. "இதை எங்கே வைக்கலாம் டீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள்.