பட்டை வாசனையும் பள்ளிச் சட்டையும்

சென்ற மாதம் என் பிறந்தநாளுக்கு மனைவி ஒரு வாசனைத் திரவியம் வாங்கித் தந்தார். விக்டர் அண்ட் ரால்ஃப் நிறுவனத்தின் ‘ஸ்பைஸ்பாம்’. பெயருக்கு ஏற்ப, புட்டி கையெறி குண்டின் வடிவில் இருக்கும். பிரெஞ்சுக் கலைஞர் ஒலிவியே போல்ஜ் உருவாக்கியது. 2012ல் சந்தைக்கு வந்தது.

“வானொலிக்காரனுக்கு வாசனை எதுக்கு? நேயர்களுக்குக் குரல் மட்டும்தானே போகும்?” என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். ஒலிபரப்புக் கூடத்தை அவர்கள் பார்த்ததில்லை. சன்னல் இல்லாத சின்ன அறை அது. கதவை மூடினால், காலையில் யார் என்ன சாப்பிட்டார் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

முதல் நாள் ஆர்வத்தில் ஐந்து முறை தெளித்துக்கொண்டேன். முதலில் எழுந்தது கிரேப்ஃபுரூட் பழத்தின் புளிப்பு. வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையம் போய்ச் சேர்வதற்குள் அது அடங்கி, பட்டையும் மிளகாயும் மேலே வந்தன. பின்னால் லேசாகக் குங்குமப்பூ. ரயிலில் பக்கத்தில் இருந்தவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கூடத்துக்குள் நுழைந்ததும், உடன் பணிபுரியும் இளம் படைப்பாளர் கேட்டார்: “அண்ணா, யாரு பிரியாணி வாங்கிட்டு வந்தது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கை தானாகச் சட்டைக் காலரை மூக்கருகே கொண்டுபோனது. முப்பது வயதைத் தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நான் வளர்ந்தது பழைய வீவக புளோக்கில். துணி காயப்போடும் மூங்கில் கழிகள் சமையலறைச் சன்னலுக்கு வெளியேதான் நீட்டியிருக்கும். அம்மா தாளிப்பதும் என் பள்ளிச் சட்டை காய்வதும் ஒரே இடத்தில். மல்லியும் மிளகாயும் காயவைத்து, தேக்கா பக்கம் மில்லில் அரைத்துக்கொண்டு வரும் நாளில் வீடே மணக்கும், சட்டையும் மணக்கும். தொடக்கநிலை நான்கில், பக்கத்தில் உட்கார்ந்த பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவ்வளவுதான். அன்றிலிருந்து வகுப்புக்குள் போகுமுன் காலரை மோந்து பார்ப்பேன். வேலைக்கு வந்த பிறகும் அலுவலக மைக்ரோவேவில் அம்மாவின் குழம்பைச் சூடாக்கியதே இல்லை. மதியத்துக்கு ரொட்டி போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

2011 நினைவிருக்கிறதா? அண்டை வீட்டுக் கறி வாசனை குறித்த ஒரு சமரசம் செய்தியானதும், அந்த ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் தேதி பல இனத்தவரும் தங்கள் வீடுகளில் கறி சமைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். ஆனாலும் மறுநாள் என் மதிய உணவு ரொட்டிதான்.

இப்போது இந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். பட்டைக்கு அந்த மணத்தைத் தருவது சின்னமால்டிஹைடு என்ற பொருள். புட்டியில் மணந்தாலும் அஞ்சறைப் பெட்டியில் மணந்தாலும் அது பட்டை மணம்தான். இந்தத் திரவியத்தின் அடியில், புகையிலை, தோல் வாசனைகளோடு கடைசிவரை தங்குவது வெட்டிவேர். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதை ‘வெட்டிவர்’ என்கிறார்கள். தமிழ்ச் சொல்தான் கப்பலேறிப் போயிருக்கிறது.

ஆண்களுக்கு மசாலா மணம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் ஆண்களுக்கான ஓல்ட் ஸ்பைஸ் வந்தது 1938ல். பாய்மரக் கப்பல் படம் போட்ட அந்த வெள்ளைப் புட்டி எங்கள் வீட்டிலும் இருந்தது. முகம் மழித்ததும் அப்பா இரண்டு கையாலும் கன்னத்தில் தட்டிக்கொள்வார். அவர் ஒருநாளும் காலரை மோந்து பார்த்து நான் கண்டதில்லை.

இதுபோன்ற காரமான திரவியத்தை வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐந்து தெளிப்பு மிக அதிகம், இரண்டு போதும். கழுத்தில் ஒன்று, மார்பில் ஒன்று. வெள்ளைச் சட்டையில் நேரடியாக அடிக்காதீர்கள், கறை படியலாம். கடையில் காகிதப் பட்டையில் மோந்ததும் வாங்கிவிடாமல், தோலில் போட்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். முதலில் வரும் வாசனை வேறு, தங்குகிற வாசனை வேறு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

“என்னப்பா, பட்டை வாசம் அடிக்குது?”

“சென்ட்டும்மா.”

“எவ்வளவு?”

“நூறு வெள்ளிக்கு மேல இருக்கும்.”

“நூறு வெள்ளியா! நான் குருமா வைக்கும்போது அடுப்புப் பக்கம் வந்து நின்னிருந்தா சும்மாவே கிடைச்சிருக்குமே!”

அவருக்கு அந்த மூன்றாம் வரிசை நாற்காலியின் கதை தெரியாது. நான் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. புறப்படும்போது வழக்கம்போல ஒரு டப்பாவில் கோழிக் குருமா கட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மதியம் அதை அலுவலகத்தில் சூடாக்கினேன். மைக்ரோவேவ் கதவைத் திறந்ததும் மணம் நடைபாதைவரை போனது. பிரியாணி என்று கேலி செய்த அந்தத் தங்கைதான் முதலில் தட்டோடு வந்து நின்றார்.

“அண்ணா, இது சென்ட் இல்லையே?”

“இல்லம்மா. எங்க அம்மா வச்சது.”