கைப்பேசிக்குள் அடங்காத கிட்டார்

சாரங் விழா வந்துவிட்டால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்து இளைஞர்கள் மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்குவார்கள். சென்னை ஐஐடியின் திறந்தவெளி அரங்கத்து ராக் இரவுக்குத்தான் இந்த ஓட்டம். 2009இல் ஸ்வீடனின் ஓபெத் குழுவே இந்த விழாவுக்கு வந்து வாசித்தது.

மேடை விளக்கு எரிந்ததும் கைப்பேசிகள் உயர்கின்றன. வீட்டில் போட்டுக் கேட்டால் டிரம்ஸ் முழுக்கக் கரகரப்பு. ராக் கச்சேரியில் ஒலி 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். பேச்சுக்குரலை மனத்தில் வைத்துச் செய்த சின்ன மைக் அதைத் தாங்காமல் ஒலியலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்டதைப் பிறகு முழுதாக மீட்க முடியாது.

விவரம் தெரிந்த ரசிகர் முன்வரிசைக்கு முண்டியடிப்பதில்லை. ஒலிப்பொறியாளரின் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பார். அந்த இடத்தில் கேட்பதை வைத்துத்தான் பாட்டும் கிட்டாரும் சமன் செய்யப்படுகின்றன. கையடக்க ரெக்கார்டரில் பதிவளவை முன்பே குறைத்து, மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, விசிலடிப்பவரிடமிருந்து தள்ளி நிற்பார். பாட்டு முடியும்வரை கை அசையக் கூடாது. அபாரமான பொறுமை!

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் இப்படிப்பட்டவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. அந்தப் பெருந்தன்மையால் அவர்களின் கச்சேரிகள் ஏராளமாக இன்றும் கேட்கக் கிடைக்கின்றன.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கான பதிவைக் கலைஞரின் உரிமையை மீறியதாகக் கொள்வதில்லை. அதை இணையத்தில் ஏற்றுவதும் விற்பதும் வேறு விஷயம், அனுமதி வேண்டும். டிக்கெட்டில் அமைப்பாளர்கள் அச்சிடும் நிபந்தனைகளையும் வாங்கும்போதே படித்துவிட வேண்டும்.