ஜமக்காளத்தில் ஒளிந்த தூள்

பாகூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டார். "சார், வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். வெள்ளைத் தூளெல்லாம் ஜமக்காளத்தில் இறங்கிவிட்டது. மூன்று நாளாக அடித்து உதறுகிறோம், தீரவில்லை. ராத்திரியில் ஆயாவுக்கு இழுப்பு வேறு வருகிறது. மணல் கொட்டினால் ஓர் உதறலில் போகிறதே, இது ஏன் போகவில்லை?"

விடை துகளின் பருமனில் இருக்கிறது.

ஜமக்காளத்தை அடிக்கும்போது நூல் சட்டென்று நகர்கிறது. துகளோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்க முயன்று, நூலை விட்டுப் பிரிகிறது. ஆனால் துகளை நூலோடு ஒட்டவைக்கும் மூலக்கூற்றுக் கவர்ச்சி விசையும் உண்டு. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அதன் நிறை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஒட்டும் விசையோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும். அதாவது, எடையோடு ஒப்பிட்டால் ஒட்டுதல் நூறு மடங்கு கூடிவிடுகிறது. மணல் உதிர்வதும் தூள் பிடித்துக்கொள்வதும் இதனால்தான்.

சரி, பலமாக அடித்தால்? கொஞ்சம் பிரியும், ஆனால் கீழே விழாது. 100 மைக்ரான் மணல் துகள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 2 விநாடியில் தரைக்கு வரும். 1 மைக்ரான் துகளுக்கு, அசையாத காற்றிலேயே, சுமார் 3 மணி நேரம் ஆகும். மின்விசிறி சுழன்றால் கேட்கவே வேண்டாம். 10 மைக்ரானுக்குக் குறைந்தவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். மிக நுண்ணியவை நுரையீரலின் காற்றறைகள் வரை போகும். பகலில் அடித்த தூளை ஆயா இரவில் சுவாசிக்கிறார்!

இங்கிலாந்துப் பொறியாளர் ஹூபர்ட் செசில் பூத் என்பவர், காற்றை ஊதித் தூசி அகற்றும் கருவி ஒன்றை லண்டனில் கண்டார். தூசி பறந்து வேறிடத்தில் படிவதைப் பார்த்து, ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். இருக்கை மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்ச, துணியில் தூசி படிந்தது. அவருடைய தூசி உறிஞ்சும் பொறி 1901இல் பிறந்தது.

செய்ய வேண்டியது இதுதான். மின்விசிறியை நிறுத்துங்கள், முகக்கவசம் அணியுங்கள். தூசி உறிஞ்சி கிடைத்தால் அதன் வாயை நூலோட்டத்தின் வழியே மெதுவாக நகர்த்தி, இருபுறமும் உறிஞ்சுங்கள். சாதாரணத் துணிப்பையின் கண்கள் வழியே நுண்தூள் மறுபடி அறைக்குள்ளேயே வந்துவிடும். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் 'ஹெப்பா' வடிகட்டி உள்ள பொறியே நல்லது. வடிகட்டி அடைத்தால் உறிஞ்சும் வலு குறையும்; அவ்வப்போது வெளியில் வைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

பொறி இல்லையா? ஜமக்காளத்தை உள்பக்கமாகச் சுருட்டி வெளியே எடுத்துச் சென்று கொடியில் போடுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, பின்புறத்தைத் தட்டுங்கள்.

தண்ணீரை முதலிலேயே ஊற்றாதீர்கள். பட்டித் தூள் சேறாகி நூலிடுக்கில் இறங்கிக் காய்ந்து இறுகும். உலர்ந்த தூள் பெரும்பாலும் போன பிறகு நிறையத் தண்ணீரில் அலசலாம். தரைக்கு மட்டும் ஈரத்துணியே ஏற்றது. வாசல் தெளித்துப் பெருக்கும் நம் வழக்கத்தின் தத்துவமும் அதுவே: நீர் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கனமாக்குகிறது, அவை பறப்பதில்லை.

மாணவரிடம் இன்னொன்றும் சொன்னேன்: "வேலை முடியும்வரை ஆயாவை வேறு அறையில் படுக்க வையுங்கள். அதன் பிறகும் இழுப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்."